அணியத்தில் எழுதிய பெயர்

இரவு பதினொரு மணிக்கு மேல் என் கடைக் கதவைத் தட்டுகிறார்கள் என்றால் அது கண்ணீர் அஞ்சலி. கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ யாரும் அந்த நேரத்தில் வருவதில்லை. தங்கச்சிமடத்தில் மெயின் ரோட்டை ஒட்டி, முன்னறை கடையாகவும் பின்னறை வீடாகவும் வைத்திருக்கிறேன். கதவைத் திறந்தால் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். ஒருவர் கையில் ஆதார் அட்டை இருக்கும். “இதில் இருக்கிற படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுத் தர வேண்டும் அக்கா” என்பார்கள். விடிவதற்குள் வடிவமைத்து ராமநாதபுரத்துக்கு அனுப்பிவிட்டால், அங்கே ஃபிளக்ஸ் அடித்துச் சுருட்டி பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். அடக்கத்துக்கு முன்னால் சந்தியில் கட்டிவிடலாம்.

அட்டையில் இருக்கும் முகம் கட்டைவிரல் நகத்தளவு. அதை ஆறடிக்குப் பெரிதாக்கினால் முகம் இருக்காது, புள்ளிகள்தான் இருக்கும். வேறு படம் இருக்கிறதா என்று கேட்பேன். யாராவது ஒருவர் வீட்டுக்கு ஓடிப்போய், கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வருவார். மூன்றாவது வரிசையில், இன்னொருவர் தோளுக்குப் பின்னால், பாதி முகம். நாற்பது வருடம் கடலுக்குப் போன மனிதருக்குத் தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட இருக்காது. அந்தப் பாதி முகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். மீசையில் எவ்வளவு நரை இருந்தது, கன்னத்து மச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டுச் செய்வேன். கோட்டு சூட்டு ஒட்டித் தரச் சொல்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பேன். அவர் போட்டிருந்த சட்டையிலேயே இருக்கட்டும்.

ஒருமுறை, கூட்டப் படத்திலிருந்து வெட்டியெடுத்த பெரியவர் ஒருவரின் தோளில் வேறொருவர் கை கிடந்தது. அழிக்கப் போனேன். “அழிக்காதீர்கள் அக்கா, அது எங்கள் சித்தப்பா கை” என்றான் மகன். கையோடுதான் அந்த பேனர் சந்தியில் நின்றது. இத்தனை வருடத்தில் நான் செய்த வேலைகளில் நல்லது எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

வண்ணப் படம் கொடுத்தாலும் அஞ்சலி பேனரைக் கறுப்பு வெள்ளையில்தான் செய்து கொடுக்கிறேன். துக்கத்துக்கு அதுதான் பொருத்தம் என்பதால் அல்ல. எங்கள் வெயிலில் நின்ற எந்த பேனரையும் இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள், முகம் நீலமாகியிருக்கும். அச்சில் நான்கு மைகள்: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. தோலின் நிறம் பெரும்பாலும் மெஜந்தாவிலும் மஞ்சளிலும் இருக்கிறது. வெயிலில் முதலில் வெளிறுவது அந்த இரண்டும்தான். நீலமும் கறுப்பும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். மாதாகோயில் போகும் வழியில் ஒரு மின்கம்பத்தில், யாரும் அவிழ்க்காமல் விட்ட பேனரில், எனக்குத் தெரிந்த ஒரு அத்தை நீல முகத்தோடு ஒரு மழைக்காலம் முழுவதும் நின்றார். நான் செய்து கொடுத்த பேனர். அதன் பிறகு அஞ்சலி என்றால் கறுப்பு மை ஒன்றை மட்டும் வைத்து அடிக்கச் சொல்லிவிடுகிறேன். வெளிறினாலும் முகம் முகமாகவே வெளிறும்.

இந்த இரவுகள்தான் என்னைக் கேமராவோடு கரைக்கு அனுப்பின. ஒருவர் போன பிறகு படம் தேடுகிறோம். இருக்கும்போதே எடுத்து வைத்தால் என்ன? முதலில் மனிதர்களைத்தான் எடுக்கத் தொடங்கினேன். வலை பிரிப்பவர்கள், கருவாடு காயவைப்பவர்கள், பாசி எடுக்கப் போகும் பெண்கள். பாசிக்குப் போகும் பெண்கள் விரல் நுனி ஒவ்வொன்றிலும் துணிக்கீற்றைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சுப் பிடித்து முங்குகிறவர்கள். பாறையும் பவளமும் கிழித்த விரல்கள். என் அம்மாவின் விரல்களும் அப்படித்தான் இருக்கின்றன. அவர்களில் யாரும் என்னிடம் முகத்தைப் படம் எடு என்று கேட்டதில்லை. கையை எடுத்ததும் வாங்கிப் பார்த்து, பிரிண்ட் போட்டுக் கொடு என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். அந்தத் தொடர் இன்னும் முடியவில்லை, அதைத் தனியாக எழுத வேண்டும்.

மனிதர்களுக்குப் பின்னால் எப்போதும் ஒரு படகு இருந்தது. படகின் முன்பக்கத்தை நாங்கள் அணியம் என்போம். அணியத்தின் இரண்டு பக்கமும் பெயர் எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது என் கண் முகத்தை விட்டு அந்த எழுத்துக்குப் போவதைக் கவனித்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதத்தில், எழுத்தை மட்டும் எடுப்பதற்கென்று முதல் முறையாகப் பாம்பனுக்குப் போனேன். இப்போது 340 படகுகளைத் தாண்டிவிட்டேன். வடக்கே தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம். தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரை ஸ்கூட்டரில் போயிருக்கிறேன்.

விசைப்படகின் பதிவு எண்ணைப் பெரிதாக எழுத வேண்டும் என்பது விதி. பெயர் எழுதுவது ஆசை. எண்ணை யாரும் அச்சுத்தகடு வைத்து அடித்துவிட்டுப் போவார்கள். பெயருக்கு மட்டும் ஆள் தேடுவார்கள். ஒரு ஊரில் பிறையும் 786-உம், ஒரு ஊரில் வேலும் மயிலும், ஒரு ஊரில் சிலுவையும் நங்கூரமும். எல்லா ஊரிலும் திரும்பத் திரும்ப வரும் சொல் ஒன்று உண்டு: துணை. மாதா துணை, காளியம்மன் துணை, முருகன் துணை, சந்தியாகப்பர் துணை. கடலுக்குப் போகிறவன் வேறு என்ன எழுதுவான்?

எங்கள் அப்பாவின் வள்ளம் ‘அன்னை துணை’. அது தாத்தா படகின் பெயர். தாத்தா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ஊரோடு சேர்ந்து படகும் போனது. தாத்தாவும் பாட்டியும் பிழைத்துத் தங்கச்சிமடம் வந்து, பல வருடம் கழித்து வாங்கிய வள்ளத்துக்கு அதே பெயரை வைத்தார்கள். அதைத்தான் அப்பா ஓட்டினார். நான் பிளஸ் டூ படிக்கும்போது அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போக, வள்ளத்தை விற்றோம். வாங்கியவர் நாலைந்து வருடம் ஓட்டிவிட்டு உடைத்துப்போட்டார். பாட்டி தனுஷ்கோடி வீட்டின் படம் ஒன்று இல்லையே என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். வள்ளத்துக்கும் ஒரு படம் இல்லை. எனக்கு ஞாபகத்தில் இருப்பது ஒரே ஒரு எழுத்து, மஞ்சளில் எழுதிய ‘ணை’. அது நான் பள்ளிக்கூடத்தில் படித்த ‘ணை’ மாதிரி இல்லை. முன்னால் ஒரு தும்பிக்கை வளைந்து எழும்.

அந்தத் தும்பிக்கை என்னவென்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றி ஆணையிட்டது. பெரியார் 1935-லேயே தம் குடிஅரசு இதழில் பயன்படுத்திக்கொண்டிருந்த வடிவங்கள் அவை. ணா, றா, னா வரிசையில் மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் ஆறும், ணை, லை, ளை, னை என்ற நான்கும். அதற்கு முன்பு இந்த நான்குக்கும் இப்போதைய ஐகாரக் குறி கிடையாது, தும்பிக்கைதான். எங்கள் படகுகளில் இந்த நான்கையும் தவிர்த்துவிட்டு எதையும் எழுத முடியாது. துணையில் ணை, அன்னையில் னை, அலையிலும் வலையிலும் லை. அச்சகங்கள் மாறின, பாடப்புத்தகங்கள் மாறின. எங்கள் கரையில் ஒருவர் மட்டும் மாறவில்லை.

அவரை நான் மாமா என்று அழைக்கிறேன், சொந்தத்தில் மாமா இல்லை. எழுபது வயது. மண்டபத்தில் படகு கட்டும் இடத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, பெயின்ட் அடிக்கப் பழகி, எழுத்துக்கு வந்தவர். தடைக்காலத்தில்தான் அவருக்கு வேலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் குஞ்சு பொரிக்கும் காலம். அந்த நாட்களில் படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, மராமத்துப் பார்த்து, புதிதாக பெயின்ட் அடிப்பார்கள். அதனால் ஒரு வருடத்து எழுத்து மறு வருடம் இருக்காது. ஏப்ரலுக்கு முன்னால் போனால் உப்பும் வெயிலும் தின்ற பழைய எழுத்து கிடைக்கும். ஜூனில் போனால் பளபளவென்று புதிது. நான் இரண்டு முறையும் போகிறேன்.

எழுத்தைப் படம் எடுப்பதற்கு வெளிச்சம்தான் எல்லாம். உச்சி வெயிலில் எனாமல் பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னி, பாதி எழுத்தை விழுங்கிவிடும். காலை ஏழு மணிக்கு முன்னால் வெயில் பலகையைச் சாய்வாகத் தடவும்போது போக வேண்டும். அப்போதுதான் வேறொன்றும் தெரியும்: புது பெயின்டுக்கு அடியில் போன வருடத்து எழுத்தின் விளிம்பு மேடாக எழுந்து நிற்கும். அதற்கும் அடியில் அதற்கு முந்தையது. மூக்கையூரில் ஒரு வள்ளத்தில் ‘கடல் ராணி’ என்ற பெயருக்கு அடியில் வேறு ஒரு பெயர் கிடந்தது. விற்று வாங்கிய படகு. பழைய பெயரில் ‘மா’ என்ற ஒரு எழுத்தைத்தான் என்னால் படிக்க முடிந்தது. மேகம் வந்து வெயில் மறைந்ததும் அதுவும் போய்விட்டது.

இங்கே படம் எடுக்கப் பழகுகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளை மணலில் கேமரா சொல்வதை நம்பாதீர்கள். அது எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொண்டு அளக்கும். மணல் அழுக்காகவும் மனிதர்கள் கரியாகவும் வருவார்கள். கேமரா சொல்லும் வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, சில நேரம் ஒன்றரை ஸ்டாப் கூட்டி எடுங்கள். கச்சான் காற்று வீசும்போது கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் கேமராவின் உடம்பைத் துடைத்து உலரவைத்து, இறுக மூடுகிற டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். என் முதல் லென்ஸின் உள்ளே பூஞ்சை சிலந்திக்கூடு மாதிரி படர்ந்தது. அதை வாங்க நான் எட்டு மாதம் சேர்த்திருந்தேன்.

புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்ததிலிருந்து வெளியூர் கேமராக்கள் நிறைய வருகின்றன. 1914-இல் திறந்த பழைய பாலத்தையும் புதியதையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து எடுக்கிறார்கள். நல்ல படங்கள் அவை. அவர்களில் சிலர் என்னிடம் வந்து, அரிச்சல்முனையில் சூரியன் உதிக்கும்போது எங்கே நிற்கலாம் என்று கேட்பார்கள். சொல்லி அனுப்புவேன். பாலத்துக்கு அடியில் போகும் படகின் பெயர் என்ன என்று ஒருவராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கிறேன்.

மாமாவிடம் நான் கற்றது எந்த வகுப்பிலும் கிடைக்காதது. மதுரையில் வடிவமைப்பு படித்தபோது எழுத்துகளுக்கு இடையே சம இடைவெளி விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மாமாவின் எழுத்தைப் படகின் பக்கவாட்டில் நேராக நின்று எடுத்தால் அணியத்தின் முனையை ஒட்டிய எழுத்துகள் குறுகலாகவும், முனையை விட்டு விலக விலக அகலமாகவும் இருக்கும். கை பிசகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் வருடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். என்னை இழுத்துக்கொண்டு போய், படகுக்கு எதிரே, சற்று விலகி, தண்ணீரில் முழங்கால் அளவில் நிற்க வைத்தார்.

“அணியம் வளைந்து ஒடுங்குகிறதா? கரையில் நிற்பவன் படிப்பதற்கா நான் எழுதுகிறேன்? எதிர்ப் படகில் வருகிறவனுக்கு எழுதுகிறேன். இப்போது படி, மருமகளே.”

படித்தேன். எல்லா எழுத்தும் ஒரே அகலம்.

அவர் எழுதும் முறை இது. முதலில் சுண்ணாம்பு தடவிய நூலை இழுத்துச் சுண்டி மேலும் கீழும் இரண்டு கோடு. சாக்கட்டியால் லேசாக ஒரு உருவம். பிறகு தட்டை பிரஷ். பிரஷின் அகலம்தான் எழுத்தின் தடிமன், அதற்குமேல் நிரப்புவது கிடையாது. சுழிகளைத் திறந்து விடுவார். ‘ண’வின் சுழி மூடிக்கொண்டால் தூரத்தில் அது கறுப்புக் கட்டியாகத் தெரியும், படிக்க முடியாது. கடலில் எல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்போது கண்ணுக்குக் கிடைப்பது ஒரு நொடி. அதற்குள் எழுத்து தன்னைச் சொல்லிவிட வேண்டும். ‘துணை’ என்று எழுதும்போது தும்பிக்கையை ஏன் விடவில்லை என்றும் கேட்டேன். “பலகையின் வளைவுக்கு அது ஒத்துப்போகிறது. புதுசு நட்டுக்குத்தலாக நிற்கிறது” என்றார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

அப்பாவின் வள்ளத்துக்கும் எழுதியவர் இவர்தான். அது தெரிந்த நாளில் என் கை நடுங்கியது. ஞாபகம் இருக்கிறதா மாமா, மஞ்சள் எழுத்து, கீழே சிவப்பு நிழல் என்று கேட்டேன். நிறைய நேரம் யோசித்தார். இல்லை என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எந்தப் படகாக இருந்தால் என்ன? துணை என்று நான் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறேன்” என்றார். அன்று மாலை என் கோப்புகளைத் திறந்து அவர் எழுதிய ‘துணை’ அத்தனையையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். அறுபத்தொன்று. உண்மைதான்.

அந்த இரவில்தான் எழுத்துரு செய்வது என்று முடிவு செய்தேன். மாமாவின் கையெழுத்திலிருந்து, கணினியில் தட்டச்சு செய்யக்கூடிய எழுத்துரு. தமிழுக்கு நல்ல எழுத்துருக்கள் இல்லாமல் இல்லை; யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய அழகான எழுத்துருக்கள் இப்போது பல வந்துவிட்டன. ஆனால் அவை காகிதத்துக்கும் திரைக்கும் பிறந்தவை. தண்ணீருக்குப் பிறந்த எழுத்து ஒன்றும் இருக்கட்டும்.

தமிழில் 247 எழுத்து. எழுத்துருவுக்கு அத்தனையையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை. துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு இவற்றை ஒருமுறை வரைந்துவிட்டால் எல்லா மெய்யோடும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் உகரமும் ஊகாரமும் அப்படி இல்லை. கு, சு, டு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். பதினெட்டு மெய்க்கும் இரண்டு வரிசை, 36 வடிவங்கள் தனித்தனியாக வேண்டும். ‘டி’, ‘டீ’ இரண்டுக்கும் தனி வடிவம். ணை, லை, ளை, னை நான்குக்கும் தும்பிக்கை வடிவத்தை மாற்று எழுத்தாக உள்ளே வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர் ஒரு சொடுக்கில் மாற்றிக்கொள்ளலாம். படத்திலிருந்து எழுத்தைக் கோடாக வரைந்தெடுக்க, ஒன்றுக்கு ஒரு மாலை நேரம் ஆகிறது. எனக்கு மாலை நேரம் வாரத்தில் இரண்டு கிடைத்தால் பெரிது.

மற்ற மாலைகள் சோற்றுக்கு. திருமணப் பத்திரிகை, கருவாட்டுப் பொட்டல லேபிள், பூப்புனித நீராட்டு பேனர், ஜூலையில் சந்தியாகப்பர் திருவிழா நோட்டீஸ். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இஸ்லாமியக் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தைப் படம் எடுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் எனக்கு உதவிக்கு வரும் இரண்டு பெண்களும் மட்டும். உள்ளே போனால் அது ஒரு தனி உலகம். மருதாணிக் கைகள், தொதல் தட்டு, பாட்டிமார்களின் கேலி, மணப்பெண்ணின் சகோதரி திடீரென்று அழுவது. நான் எடுத்தவற்றில் மிகச் சிறந்த முகங்கள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை ஒருவருக்கும் காட்டமாட்டேன். ஆல்பம் கொடுத்த கையோடு, வீட்டாரின் கண்ணெதிரிலேயே கணினியிலிருந்து அழித்துவிடுவேன். அந்த நம்பிக்கையில்தான் அடுத்த வீடு கூப்பிடுகிறது.

ஒரு அச்சகத்தில் நடந்ததை மட்டும் இங்கே பதிய வேண்டும், ஏனென்றால் அது இன்னொருவருக்கு நடக்கக்கூடாது. பத்திரிகை ஒன்றைப் பாமினி எழுத்துருவில் அடித்து அனுப்பியிருந்தேன். அங்கே அந்த எழுத்துரு இல்லை. பாமினியில் தமிழ் எழுத்தெல்லாம் ஆங்கில விசைகளின் மேல் போர்த்திய வேடம்தான். எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்து ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அவர்கள் என்னைக் கேட்காமல் தாங்களே திரும்ப அடித்தார்கள். மணமகளின் ஊர்ப் பெயரில் ஒரு புள்ளி விடுபட்டுவிட்டது. ஐந்நூறு பத்திரிகை. அந்தப் பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, பேனாவை எடுத்து ஐந்நூறிலும் புள்ளி வைக்க உட்கார்ந்தார். நானும் கூட உட்கார்ந்தேன். அன்றிலிருந்து எழுத்தை எல்லாம் கோடுகளாக மாற்றாமல் எந்தக் கோப்பும் என் கடையை விட்டுப் போவதில்லை. புதிய வேலை அனைத்தும் யூனிகோடில்தான்.

போன ஆண்டு ஒருவர் வந்தார், பாம்பன்காரர். அவருடைய விசைப்படகு எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில் கிடக்கிறது. ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள், படகு வரவில்லை. “நீங்கள் படகுப் பெயரெல்லாம் எடுக்கிறீர்களாமே, எங்கள் படகு இருக்கிறதா?” என்று கேட்டார். தேடினேன். இருந்தது, இரண்டு வருடத்துக்கு முந்தைய மார்ச்சில் எடுத்தது. அணியமும் பெயரும் மட்டும். முழுப் படகு இல்லை. அவர் அதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார். “இந்தக் கீறல், குந்துகால் பக்கம் பாறையில் உரசியது” என்று ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். நான் அதைப் பழைய பெயின்ட் உரிந்தது என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பிரிண்ட் போட்டுச் சட்டம் கட்டிக் கொடுத்தேன். காசு கொடுத்தார். வேண்டாம் என்றேன். “பிடியுங்கள் தங்கச்சி, படகுப் படத்தை ஓசியில் வாங்கக்கூடாது” என்றார். வாங்கிக்கொண்டேன். அன்று முதல் பெயரோடு முழுப் படகையும் ஒரு படம் எடுத்துவிடுகிறேன்.

இந்த வருடம் எழுத்துருவில் மிஞ்சி நின்றவை, எந்தப் படகிலும் இல்லாத எழுத்துகள். ஆய்தம் இல்லை. ஔ இல்லை. ஙு, ஞூ, ழூ இல்லை. யார் படகுக்கு ஞூ-வில் பெயர் வைப்பார்கள்? மே மாதம் ஒரு பிளைவுட் பலகையையும் மஞ்சள் எனாமலையும் எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். அவர் கை இப்போது நடுங்குகிறது. காலையில் கஞ்சி குடித்த பிறகு ஒரு மணி நேரம் நன்றாக இருக்கும் என்றார் மாமி. அந்த ஒரு மணி நேரத்துக்குப் போனேன்.

‘ஞூ’ என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பலகையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

“இந்த எழுத்தை என் ஆயுளில் எழுதியதில்லை, மருமகளே. எந்தப் படகுக்கு இது?”

“படகுக்கு இல்லை மாமா. எழுத்து முழுசாக இருக்க வேண்டும், அதற்கு.”

சாக்கட்டியால் போட்டார், துடைத்தார். ‘ஞ’ ஏற்கெனவே கீழே இறங்கி வளைகிற எழுத்து. அதற்கும் கீழே ஊகாரத்தை எங்கே கொண்டுபோவது? மூன்றாவது முறை, கீழ்வளைவைச் சற்றுக் குறுக்கி, ஊகாரத்தை வலது பக்கம் வீசிவிட்டார், காற்றில் பாய் திரும்புகிற மாதிரி. வரைந்துவிட்டுத் தூரத்தில் வைக்கச் சொன்னார். முற்றத்தின் அந்தக் கோடியில் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “படிக்கலாம்” என்றார். நான்கு நாள் போனேன். பதினொரு எழுத்து.

நான் அவரிடம் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த ஒன்று இருந்தது. கரையில் இப்போது பாதிப் படகுகளில் எழுத்து பிரஷால் எழுதியது இல்லை, வினைல் ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கர்களில் பலவற்றை வெட்டிக் கொடுப்பது நான். கடையில் வெட்டும் இயந்திரம் வைத்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் ஒரு படகுக்குப் பெயர் முடிந்துவிடும். மாமாவுக்கு வர வேண்டிய வேலை என் கடைக்கு வருகிறது. கடைசி நாள் சொல்லிவிட்டேன். தெரியும் என்றார். “கை நடுங்குகிறவன் எழுதினால் படகுக்காரனுக்குத்தான் நஷ்டம். பெயர் இல்லாமல் படகு போகக்கூடாது, அவ்வளவுதான். நல்ல எழுத்தாக வெட்டு.”

நேற்று, ஜூன் முதல் வாரத்தில், மாமாவின் எழுத்தில் வெட்டிய முதல் ஸ்டிக்கர் படகேறியது. படகு என் சித்தி மகனுடையது. பெயர் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை, குடும்பத்தில் ஒரே பெயர்தான். மஞ்சள் வினைல், கீழே சிவப்பு நிழல். மாமாவை ஆட்டோவில் அழைத்து வந்திருந்தோம். ஒட்டி முடித்ததும் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, எதிர்ப் படகு வரும் இடத்தில் நின்று பார்த்தார். ‘து’வுக்கும் ‘ணை’க்கும் நடுவே இடம் அதிகம் என்றார். கணினியில் சரியாகத்தான் இருந்தது. கரையேறி வந்து சாக்கட்டியால் பலகையில் ஒரு கோடு போட்டார், அரை விரற்கடை முன்னால். ‘ணை’யை உரித்து அங்கே ஒட்டினேன். திரும்பத் தண்ணீரில் இறங்கிப் பார்த்தார். சரி என்றார்.

‘அன்னை’யில் ‘ன்’ மேல் புள்ளி வைக்க ஸ்டிக்கரில் வட்டம் வெட்டி வைத்திருந்தேன். அதை ஒட்டப் போனபோது தடுத்தார். சித்தி மகனிடம் மஞ்சள் டப்பாவைத் திறக்கச் சொல்லி, பிரஷைத் தோய்த்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு புள்ளி வைத்தார். காய்வதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை படகுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, தொட வந்த பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தார்.